பிசிக்ஸ் வாத்தியார்

புதிதாக ஒரு கார் ரேஸ் கேம் வெளிவந்த அன்று சாயந்திரமே நண்பர் வட்டத்தில் ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். "கிராஃபிக்ஸ் ஓகே. ஆனா பிசிக்ஸ் சரியில்ல." அவர்தான் நம்ம ஆள். கேம் அப்போது அவர் வீட்டில் இன்னும் டவுன்லோடு ஆகிக்கொண்டிருக்கும். நூறு ஜிபிக்கு மேல் உள்ள சமாசாரம், வைஃபையில் பாதி தூரம் வந்து மூச்சு வாங்கும். அபிப்பிராயம் மட்டும் முழுசாக இறங்கிவிட்டிருக்கும்.

வயது நாற்பதை நெருங்குகிறது. ஐ.டி. வேலை, ஒரு குழந்தை, இ.எம்.ஐ. பிளஸ் டூவில் பிசிக்ஸில் எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் ஒரு லம்போர்கினி மண் ரோட்டில் திரும்பும்போது பின் டயர் எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. நிஜ லம்போர்கினியை ஷோரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

அவருடைய துறை 'ஓப்பன் வேர்ல்டு' ரேஸ் கேம். வட்டமான டிராக்கில் சுற்றிச் சுற்றி வருகிற ஆட்டம் அல்ல. ஒரு ஊரையே, சில சமயம் ஒரு நாட்டையே, உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். ரேஸுக்குப் போகலாம், போலீஸை இழுத்தடிக்கலாம், எதுவும் வேண்டாமென்றால் கடற்கரையோரம் பாட்டுக் கேட்டபடி சும்மா உருட்டலாம். நம்ம ஆளால் சும்மா உருட்ட முடியாது. உருட்டும்போதே குறிப்பெடுப்பார். மேப் பெரிதாக இருந்தால் "வெறும் பொட்டல்". சிறிதாக இருந்தால் "அரை மணி நேரத்துல முடிஞ்சிருது". 2006-இல் வந்த டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட், ஹவாயின் ஓவாஹு தீவை ஆயிரம் மைல் ரோட்டோடு எடுத்துக் கொடுத்தது. 2023-இல் தி க்ரூ மோட்டார்ஃபெஸ்டும் அதே தீவுக்குப் போனது. "திரும்பவும் ஓவாஹுவா?" என்று அலுத்துக்கொண்டார். மாமியார் வீடு இருக்கும் மடிப்பாக்கத்துக்குக் கூகுள் மேப் இல்லாமல் போகத் தெரியாதவருக்கு, அந்தத் தீவின் சந்துபொந்து அத்தனையும் அத்துப்படி.

எல்லாவற்றையும் அவர் அளக்கிற படி ஒன்று உண்டு: 2005-ஆம் ஆண்டின் நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் வண்டி ஓட்டிய முதல் இந்தியர் ஆனதும் அதே வருஷம்தான். அதை ஞாபகப்படுத்தினால் "ஆமா, ஆமா" என்று கையசைத்துவிட்டு, வில்லன் ரேசர் ஏமாற்றிப் பறித்துக்கொண்டுபோன அந்த வெள்ளி-நீல பி.எம்.டபிள்யூ எம்3 ஜி.டி.ஆருக்கே திரும்பி வருவார். சொந்த வண்டி திருடுபோன மாதிரி குரல் கம்மும். ரோட்டோர டோனட் கடையின் தலையில் இருக்கும் ராட்சத டோனட்டை இடித்துத் தள்ளி, துரத்தி வரும் போலீஸ் வண்டிகளின் மேல் விழவைத்த கதையை பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து சொல்லிவருகிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நசுங்கும் வண்டிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய கேம்களில் அவர் கண்டுபிடிக்கும் குற்றம் எல்லாம் அதிலும் இருந்தது. நாம் எவ்வளவு முன்னால் போனாலும் எதிராளி ரப்பர் பேண்டில் கட்டியதுபோல் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்வான். புது கேமில் இதற்குப் பெயர் 'சீட்டிங்'. மோஸ்ட் வான்டட்டில் 'சேலஞ்ச்'. திரை முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி ஒரு வெளிச்சம் இருக்குமே, அதுவும் அப்படித்தான். இன்று எவனாவது செய்தால் "கண்ணு வலிக்குதுப்பா". அன்று அது கலை.

இப்போதைக்கு அவர் குடியிருப்பது ஃபோர்ஸா ஹொரைஸனில். இங்கிலாந்தின் பிளேகிரவுண்ட் கேம்ஸ் 2012-இல் கொலராடோவில் ஆரம்பித்து, தெற்கு பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று கூட்டிப்போய் 2021-இல் மெக்ஸிகோவில் இறக்கிவிட்டது. எரிமலை, காடு, புழுதிப் புயல் எல்லாம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலேஜில் படிக்கும் சித்தி பையன் வந்தபோது இதைப் போட்டுக் காட்டினார். பையன் கன்ட்ரோலரை வாங்கியதும் ரோட்டை விட்டு இறங்கி, கள்ளிச்செடிகளை வரிசையாக இடித்துத் தள்ளிக்கொண்டு போனான்.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்குண்ணா."

"சூப்பர்னா? சஸ்பென்ஷன் ஃபீல் வருதா? கள்ளி இவ்ளோ ஈஸியா உடையுமா?"

"தெரியலண்ணா. உடைச்சா ஜாலியா இருக்கு."

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கி, ஓட்டுவது எப்படி என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். "ரீவைண்டுன்னு ஒண்ணு வச்சிருக்கான் பாரு. இடிச்சா, பட்டனை அமுக்கி நேரத்தைப் பின்னாடி ஓட்டிக்கலாம். அது இருந்தா ரேஸே இல்லடா, குழந்தை விளையாட்டு." சொல்லும்போதே வண்டி ஒரு கனத்த மரத்தில் போய் நின்றது. பேச்சு நிற்கவில்லை. வலது கட்டைவிரல் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்து மஞ்சள் 'ஒய்' பட்டனை அமுக்கியது. மரம் விலகியது, வண்டி ரோட்டுக்கு வந்தது, பாடம் தொடர்ந்தது.

எதிராளிகளின் திறமையை ஒன்பது படிகளில் வைக்கலாம். உச்சத்தில் இருப்பது 'அன்பீட்டபிள்'. தான் அதில்தான் ஆடுவதாக ஆபீஸில் சொல்லியிருக்கிறார். அவர் தண்ணி குடிக்க எழுந்த நேரத்தில் பையன் செட்டிங்ஸைத் திறந்துவிட்டான்.

"அண்ணா, இதுல 'டூரிஸ்ட்'னு இருக்கே?"

ஒன்பதில் ஆகக் கீழே இருப்பது அது.

"மேப்பைச் சுத்திப் பார்க்கறதுக்காக வச்சேன்டா," என்றார், சொம்பைக் கீழே வைக்காமல்.

குறை கன்ட்ரோலரில்தான் இருக்கிறது என்று தீர்மானித்து ஒரு ஸ்டீரிங் வீல் வாங்கினார். இரண்டரைச் சுற்று திரும்பும், பள்ளத்தில் இறங்கினால் கையை உதறும். அதை இறுக்கிப் பிடிக்க உறுதியான மேஜை வேண்டும். வீட்டில் உறுதியாக இருந்தது சாப்பாட்டு மேஜைதான். மெக்ஸிகோவின் கரடுமுரடான ரோட்டில் வண்டி ஏறி இறங்க, இங்கே சாம்பார் பாத்திரம் தாளம் போட்டது. "என்னங்க, ரசத்தையாவது விட்டு வையுங்க," என்று மனைவி பாத்திரங்களை அடுப்படிக்கே தூக்கிப் போய்விட்டார். "இப்பத்தான் பிசிக்ஸ் கொஞ்சம் தெரியுது," என்றார் இவர்.

நிஜ கார் ஒன்றும் இருக்கிறது. ஓ.எம்.ஆரில் நாற்பதைத் தாண்டாது. பின் ஸீட்டில் இருந்து மாமனார், "மாப்ளே, அந்த ஷேர் ஆட்டோவையாவது முந்துங்க," என்று சொன்ன சம்பவம் குடும்பத்தில் பிரசித்தம். எனக்கென்னவோ இதில் அவரைக் கேலி செய்யத் தோன்றவில்லை. நிஜ ரோட்டில் ரீவைண்ட் பட்டன் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேகத்தை வீட்டு மேஜையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நாற்பதில் போகிறவர் நூறு பேர் இருந்தால் சென்னைக்கு நல்லதுதான்.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டை அடைத்து, இரவு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ரேஸ் நடத்தினார்களே, அதிலிருந்து அவருக்கு ஒரு கனவு: சென்னை மேப். கத்திப்பாரா பாலத்தில் டிரிஃப்ட், ஈ.சி.ஆரில் டாப் ஸ்பீடு, மழைக்காலத்தில் வேளச்சேரிக்குத் தனி அப்டேட். பையன் கேட்டான், "மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைச்சிருப்பாங்களேண்ணா?" அவர் யோசித்தார். "அதை அப்படியே வைக்கணும். ஆனா நம்ம ஸ்பீடு பிரேக்கருக்கு பிசிக்ஸ் எழுத எவனாலயும் முடியாதுடா. சொதப்பிடுவானுங்க." எவனும் தொடங்காத கேமுக்கும் விமர்சனம் தயார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவர் பக்கம் நியாயம் முழுசாக இருக்கிற ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ, அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே மேப்பில் அடக்கிய கேம். நியூயார்க்கில் கிளம்பி, ஒரு தமிழ்ப் படம் முடிவதற்குள் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேரலாம். தனியாக ஆடினாலும் கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் டிஸ்க் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, கேம்தான் இல்லை. ஃபோர்ஸா ஹொரைஸன் 4-ஐயும் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர் இன்றும் ஆடலாம். தி க்ரூ விஷயத்தில் அந்த நாகரிகம்கூட இல்லை. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் இதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார். 2025-இல் ஐரோப்பாவில் அதற்குப் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் விழுந்தது.

இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம்ம ஆள் பிசிக்ஸை மறந்துவிடுவார். "வித்த பொருளைத் திரும்பப் பிடுங்கறது எந்த ஊரு வியாபாரம்?" என்பார். பதில் சொல்ல முடியாது.

அடுத்த ஹொரைஸன் ஜப்பானில் நடக்கும் என்று 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவித்தார்கள். அன்று இரவே பையனுக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். டோக்கியோவைச் சுருக்கிவிடுவான், மலை ரோட்டைக் கெடுத்துவிடுவான், வழக்கம்போல ஸ்பின் சக்கரத்தைச் சுற்றவிட்டு காரை இனாமாகக் கொட்டிக் கெடுப்பான். ஜப்பான்காரனின் டிரிஃப்ட் இவர்களுக்கு வரவே வராது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன், "அப்ப இதை வாங்க மாட்டீங்களாண்ணா?" என்றான்.

"ஏன்டா வாங்காம? இருக்கறதுலயே பெரிய எடிஷனா எடுக்கப்போறேன். காசு கொடுத்து வாங்கினாத்தானேடா உரிமையாத் திட்ட முடியும்?"