புதுசு கேட்ட மாமாவுக்கு, டோக்கியோவிலிருந்து



"ஜப்பான்ல இப்ப புதுசா என்னடே வந்திருக்கு? வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா" என்று வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர் நீங்கள். டிடிகே கேசட்டை முகர்ந்து பார்த்தே அசலா போலியா என்று சொன்னவர். உங்களிடம் இதை எப்படிச் சொல்வது? உலகத்துக்கெல்லாம் புதுசை விற்றுவிட்டு, பழசைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஊர் மாமா இது.

ஃபிளாப்பி ஞாபகம் இருக்கிறதா? "விண்ணப்பத்தை ஃபிளாப்பியில் போட்டுக் கொடு" என்கிற மாதிரியான அரசாங்க விதிகள் இங்கே 1,000-க்கும் மேல் இருந்தன. அவற்றை 2024-இல்தான் ஒழித்துக் கட்டினார்கள். அமைச்சர் ஏதோ போரில் ஜெயித்தவர் போல அறிவித்தார். ஃபேக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. டவர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைக்கடை அமெரிக்காவில் 2006-இல் மூடப்பட்டது. இங்கேயோ அதே பெயரில் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு முழுக் கட்டடம் நிறைய சிடி விற்கிறார்கள். பாட்டுக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏகேபி48 என்று ஒரு பெண்கள் குழு. அவர்களுடைய சிடி உறைக்குள் கைகுலுக்க ஒரு சீட்டோ, குழுவில் யார் முன்னால் நிற்பது என்பதற்கு ஓட்டுச் சீட்டோ வைத்து விற்றார்கள். அதற்காக ஒரே சிடியைப் பெட்டி பெட்டியாக வாங்கியவர்கள் உண்டு. உங்கள் கடையில் ஒரு கேசட்டுக்கு ஒரு கைகுலுக்கல் என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தை கடையைப் பூட்டியிருப்பார்கள்.

வாக்மேன் வந்த புதிதில், "காதை அடைச்சுக்கிட்டுத் தனியா பாட்டுக் கேக்கறவன் உருப்பட மாட்டான்" என்பீர்கள். 1979-இல் அதை விற்பனைக்கு விட்ட சோனியின் அகியோ மொரிட்டாவுக்கும் அதே கவலை இருந்திருக்கிறது. தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று முதல் வாக்மேனில் ஹெட்போன் சொருக இரண்டு துளை வைத்தார். கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் பாட்டு தணிந்து பக்கத்து ஆள் பேசுவது கேட்கும். ஜனங்கள் ஒரு துளை போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்று காலை ரயிலில் என்னோடு நெருக்கியடித்து நின்ற அத்தனை பேர் காதிலும் ஏதோ ஒன்று பாடிக்கொண்டிருந்தது. வெளியே மயான அமைதி.

ஆனால் காதை அடைக்காதவனை ஊரே பாடிப் பாடி நடத்துகிறது. எபிசு ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது 'தி தேர்ட் மேன்' படத்து இசை. அந்தப் பக்கத்துப் பீர் விளம்பரத்தில் வந்தது, ஒட்டிக்கொண்டது. மாலையானால் நகராட்சி ஒலிபெருக்கியில் குழந்தைப் பாட்டு. பூகம்ப எச்சரிக்கைக்கு வைத்த கருவி வேலை செய்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்கிறார்களாம், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின மாதிரியும் ஆச்சு. எங்கள் ரைஸ் குக்கர் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடிவிட்டுத்தான் சோறு வடிக்கும். குளியல் தொட்டி நிரம்பினால் ஒரு ஜெர்மன்காரர் எழுதின பியானோத் துண்டு கேட்கும். அதைக் காதில் வாங்கினாலே என் கை துண்டைத் தேடுகிறது.

ஜெர்மன் என்றதும் பீத்தோவன். டிசம்பரில் இவர்களுக்கு அவருடைய ஒன்பதாவது சிம்பொனி இல்லாமல் ஆகாது. 1918-இல் நருடோ பக்கம் பாண்டோ முகாமில் அடைபட்டிருந்த ஜெர்மன் போர்க்கைதிகள்தான் இந்த மண்ணில் முதன்முதலாக அதை முழுசாக வாசித்தார்கள். இப்போது ஒசாகாவில் வருஷா வருஷம் 10,000 பேர் சேர்ந்து பாடுகிறார்கள். குமாஸ்தா, பள்ளிக்கூடப் பிள்ளை, பாட்டி, எல்லாரும். அதில் எத்தனை பேருக்கு ஜெர்மன் தெரியும் என்று கேட்காதீர்கள். தெலுங்கு தெரியாமல் தியாகராஜருக்குத் தலையாட்டுகிற நாம் கேட்கலாமா? சிடியில் 74 நிமிஷம் பிடிக்கிற மாதிரி வைத்ததே இந்தச் சிம்பொனி அடங்கத்தான் என்று ஒரு கதையும் உலவுகிறது. சோனியின் நோரியோ ஓகா சங்கீதம் படித்த பாடகர், அதனால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. நான் பாதிதான் நம்புகிறேன்.

உங்களைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டிய இடம் ஷிபுயாவில் 'லயன்'. 1926-இல் ஆரம்பித்த காபிக் கடை. நாற்காலிகள் எல்லாம் ஆளுயரத்துக்கும் மேலான ஸ்பீக்கரைப் பார்த்து, கோயிலில் உட்கார்ந்த மாதிரி. பேசக் கூடாது. சங்கதிக்குச் சங்கதி "ஆஹா" சொல்கிற உங்களை எப்படி உட்காரவைப்பது என்பதுதான் யோசனை.

ஒரு துக்கச் செய்தி. 1998-இல் டோக்கியோவையே ஆட்டிவைத்த நம் 'முத்து' படம் இங்கே இந்தியப் படங்களில் வைத்திருந்த வசூல் சாதனை போய்விட்டது. முறியடிக்க 24 வருஷம் பிடித்தது, 2022-இல் 'ஆர்ஆர்ஆர்' வர வேண்டியிருந்தது என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். தலைவரைப் பற்றிப் பேசினால் கண் மலர்கிற பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

வாங்கிவர ஒன்றும் இல்லை, நீங்களே வாருங்கள். கோபேயில் 1971-இல் கரோக்கி இயந்திரம் செய்த டைசுகே இனோவே அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கோடிகள் போச்சு. 2004-இல் கிண்டலுக்குக் கொடுக்கும் இக் நோபல் சமாதானப் பரிசு மட்டும் கிடைத்தது, பிறத்தியார் பாடுவதைச் சகிக்க மனிதர்களைப் பழக்கியதற்காக! இப்போது ஒரே ஆள் உட்கார்ந்து பாடுவதற்கென்றே கரோக்கி அறை வந்திருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை. உள்ளே எவ்வளவு உச்சத்தில் பாடினாலும் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். நேற்று போனில் அத்தையிடம் இதைச் சொன்னேன். உங்கள் விமான டிக்கெட்டுக்குத் தன் வளையலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்