மாயென் ஆற்றங்கரையில் ஹாரன் கிடையாது

இந்த வாரம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆற்றைச் சுற்றி. மேற்கு பிரான்ஸின் மாயென் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையைப் பற்றி சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். நான்கு வரி போதாது என்பது உங்கள் கடிதங்களிலேயே தெரிகிறது.

கே: பிரான்ஸுக்குப் போகிறவர்கள் ஈஃபில் கோபுரம் பார்ப்பார்கள். நீங்கள் சரளைப் பாதையில் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறீர்களே? — கோவை வாசகர்

ப: கோபுரம் எங்கேயும் ஓடிவிடாது, பார்த்துவிட்டே வாருங்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் அதிவேக ரயில் ஏறினால் லாவால் நகரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஊருக்கு நடுவே மாயென் ஆறு. கரையில் இறங்கி வடக்கே திரும்பினால் மாயென் என்ற ஊர், தெற்கே திரும்பினால் ஷாத்தோ-கொந்தியே. எந்தப் பக்கம் போனாலும் சுமார் 35 கி.மீ. தூரம். மேடு கிடையாது, சிக்னல் கிடையாது, பின்னால் வந்து முறைக்கும் லாரி கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் மாடு மேயும் புல்வெளி. உலகத்தில் கோபுரங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு முழுப் பகலும் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டக்கூடிய இடம் அரிது.

கே: வண்டியே ஓடாத பாதையை யாருக்காகப் போட்டார்கள்? — மதுரை வாசகி

ப: குதிரைகளுக்காக. 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகத் தடுப்பணைகள் கட்டிப் படகுப் போக்குவரத்துக்குத் தயார் செய்தார்கள். சுண்ணாம்பும் தானியமும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுத்துப் போக ஒரு பாதை வேண்டியிருந்தது. சில இடங்களில் குதிரைகள் இழுத்தன. மனிதர்களும் தோளில் வாரை மாட்டிக்கொண்டு இழுத்தார்கள். பிறகு ரயில் வந்து சரக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. படகு போயிற்று, குதிரையும் போயிற்று, பாதை நின்றது.

அது தானாக நின்றுவிடவில்லை என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆற்றங்கரை நிலத்தை வீட்டுமனையாக்கவும் தார் ரோடாக்கவும் எந்த நாட்டிலும் ஆள் இருப்பார்கள். இங்கே மாவட்ட நிர்வாகம் அதைப் பொதுச் சொத்தாகவே வைத்து, மணலும் பொடிக்கல்லும் கலந்து இறுக்கி, ஏறத்தாழ 85 கி.மீ. நீளத்துக்குப் பராமரிக்கிறது. 2004-இல் பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டம் இப்படிப்பட்ட வழிகளுக்குப் 'பசுமைப் பாதை' என்று தனி வகையே ஏற்படுத்தியது. நடப்பவர், சைக்கிள்காரர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கே இடம். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. அங்கே நீங்கள் கேட்கும் அமைதி, சட்டம் போட்டுச் செலவு செய்து காப்பாற்றிய அமைதி.

கே: கிராவல் சைக்கிள் என்று ஒன்று லட்சக்கணக்கில் விற்கிறதே, அது இல்லாமல் போக முடியாதா? — சேலம் வாசகர்

ப: தாராளமாகப் போகலாம். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், அதைவிடத் தடித்த டயர், சரளையில் சறுக்காமல் பிடிக்கும் பிரேக், இதுதான் கிராவல் சைக்கிள். மாயென் பாதைக்கு டயர் 35 முதல் 40 மி.மீ. அகலம் இருந்தால் போதும். காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். கொஞ்சம் குறைத்தால் கை வலிக்காது. மட்கார்டு மட்டும் அவசியம். மழை பெய்த மறுநாள் அந்த வெளிர்மஞ்சள் மணல் முதுகு வரைக்கும் கோலம் போடும், செயினிலும் ஒட்டிக்கொண்டு நறநறக்கும். பெடலுக்குத் துணை செய்யும் எலக்ட்ரிக் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. முழங்கால் வலி என்று எழுதியிருக்கும் ஈரோடு வாசகி இதைக் கவனிக்கவும்.

கே: வழியில் பார்க்க என்னதான் இருக்கிறது? — தஞ்சை வாசகர்

ப: காவிரிக் கரைக்காரர் கேட்கிறீர்கள், ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன். மாயென் ஊரிலிருந்து ஆன்ஜே நகருக்கு அருகே ஆறு முடியும் வரை 40-க்கும் மேற்பட்ட தடுப்பணைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் படகுக்கு ஒரு மதகுத் தொட்டி, அதைக் காப்பவருக்கு ஒரு சிறிய கல்வீடு. தண்ணீர் விழும் இரைச்சல் முதலில் கேட்கும், பிறகு வீடு தெரியும், அதற்குப் பிறகுதான் மதகு.

படகு ஒன்று வந்தால் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நின்று பாருங்கள். கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழையும். பின்கதவை மூடி, முன்கதவில் உள்ள சிறு திறப்பைக் கைப்பிடி சுற்றித் திறப்பார்கள். மேல்மட்டத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே புகும். பாசி படிந்த சுவரில் படகு அங்குலம் அங்குலமாக உயரும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானதும், அதுவரை நான்கு பேர் தள்ளினாலும் அசையாத கதவு ஒருவர் கைக்கே திறந்துகொடுக்கும். மோட்டார் இல்லை, பம்பு இல்லை, எல்லா வேலையும் தண்ணீரின் எடையே செய்கிறது. ஆற்றுப் பாசனம் தெரிந்த உங்களுக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வராது.

மற்றபடி சாம்பல் நாரை, மீன்கொத்தி, தூண்டிலோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்.

கே: டூர் டி ஃபிரான்ஸ் வீரர்கள் இந்தப் பக்கம் வந்ததுண்டா? — பள்ளி மாணவர், திருநெல்வேலி

ப: வந்தார்கள், தார் ரோட்டில். 2021-இல் இதே ஆற்றங்கரையில் உள்ள ஷாஞ்சேயிலிருந்து லாவால் வரை அந்தச் சைக்கிள் பந்தயத்தின் 27.2 கி.மீ. தனிநபர் நேர ஓட்டம் நடந்தது. பொகாச்சர் என்ற வீரர் 32 நிமிடத்தில் முடித்து ஜெயித்தார். நீங்கள் அதே தூரத்துக்கு அரை நாள் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தாளர் ஆல்ஃபிரெட் ஜாரி 1873-இல் லாவாலில் பிறந்தவர், சைக்கிள் பைத்தியம். 1902-இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் ஐந்து பேர் மிதிக்கும் சைக்கிளுக்கும் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் பத்தாயிரம் மைல் பந்தயம் நடக்கிறது. ஜெயிப்பது சைக்கிள்தான்.

கே: பாரிஸ் லா ஷப்பெல்லில் கடை வைச்சிருக்கிறன். திங்கட்கிழமை மட்டும்தான் லீவு. பிள்ளையளோட ஒரே நாளில போய் வரேலுமா? — பாரிஸ் வாசகர்

ப: தாராளமாகப் போய் வரலாம் அண்ணே. காலை ரயிலில் லாவால் வாருங்கள். சைக்கிளை அப்படியே ஏற்றுவதென்றால் முன்பதிவு வேண்டும். சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டால் அதுவும் ஒரு லக்கேஜ். தெற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. மிதித்தால் ஆந்த்ராம். புரட்சியால் நாட்டைவிட்டுப் போன துறவிகள் 1815-இல் திரும்பி வந்து குடியேறிய மடம் ஆற்றோரத்திலேயே இருக்கிறது. போர்-சாலு என்ற பாலாடைக்கட்டி பிறந்தது அங்கேதான். பிள்ளைகளுக்கு அந்தத் தூரம் போதும்.

ஆனால் திங்கட்கிழமை என்பதால் ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சுக் கிராமங்களில் பல பேக்கரிகளும் கடைகளும் அன்றைக்குப் பூட்டு. மற்ற நாட்களிலும் மதியம் 12-லிருந்து 2 மணி வரை கதவைத் தட்டிப் பயனில்லை. உங்கள் கடையிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கே: சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிடைக்குமா? தண்ணீர்? — மயிலாப்பூர் வாசகி

ப: ரொட்டி, வெண்ணெய், பழம், தக்காளி எங்கும் உண்டு. பாலாடைக்கட்டியில் மட்டும் கவனம் தேவை. பழைய முறையில் செய்யும் பிரெஞ்சு வகைகள் பலவற்றில், பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவம் என்றால் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். தண்ணீருக்குச் சைக்கிள்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது: கிராமத்துக் கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். 'குடிக்கத் தகாதது' என்று பலகை இல்லையே என்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

கே: இவ்வளவு நல்ல பாதையில் வேகமாகப் போனால் என்ன தப்பு? — பெங்களூரு வாசகர்

ப: நடக்கிறவரின் பாதை அது, சார். குழந்தை குறுக்கே ஓடும், நாய் நடுவில் படுத்திருக்கும். குதிரை வந்தால் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுங்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் பாய்ந்தால் அது மிரளும். காரிடமிருந்து தப்பித்து வந்தவர்கள், நடப்பவருக்குத் தாங்களே காராக மாறக் கூடாது. பெல் கட்டாயம்.

கே: எப்போது போகலாம்? — திருச்சி வாசகி

ப: மே முதல் செப்டம்பர் வரை. பாதை தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடுகிறது. குளிர்காலத்தில் வெள்ளம் வந்தால் முழுகிவிடும். என்னைக் கேட்டால் ஜூன் மாதம். அப்போது லாவாலில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகும்.