ஆஹென் அண்ணன்

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில்தான் தொடங்கும். அண்ணனுக்கு சீசன் ஜூலையிலேயே களைகட்டிவிடும். புதிதாக வரப்போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கான பேர், நூற்றுக்கணக்கான பயங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அண்ணன்.

அவருக்கு வயது இருபத்தைந்து. கோவைப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு எம்.எஸ். படிக்க ஆஹெனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை ரேஷன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. வருமானச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை அப்பாதான் அலைந்தார். அப்படிப்பட்ட பிள்ளையை ஜெர்மனி இரண்டே வருடத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவரைப் போல ஆக்கிவிட்டது. எந்த ஃபாரத்துக்கு எந்த நகல், எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஆஹெனில் மட்டும்தான் இவர் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். மாக்டபூர்க்கில் ஒருவர், கெம்னிட்ஸில் ஒருவர், ஸ்டுட்கார்ட்டில் ஒருவர் என்று ஊருக்கு ஊர் உண்டு. 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் அவர்களுக்குத்தான். இத்தனை பேருக்கும் தூதரகமா பதில் சொல்லும்?

“அண்ணா, ஏபிஎஸ் இல்லாம விசா அப்ளை பண்ணலாமா?”

“கனவுலகூட நெனைக்காத.”

இந்தியப் பட்டங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் சரிபார்த்துத் தரும் அந்தச் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகிவிட்டது. அடுத்த கேள்வி பிளாக்டு அக்கவுண்ட். ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிப் பூட்டிவிட வேண்டும். ஜெர்மனி வந்தபின் மாதம் 992 யூரோ என்று அளந்து விடுவார்கள். மொத்தம் 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். 2024 செப்டம்பருக்கு முன்னால் அது 11,208 ஆக இருந்தது. இந்த 696 யூரோ வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அண்ணன் ஒரு யுகத்தையே கட்டி எழுப்பிவிடுவார். “எங்க காலத்துல எல்லாம் இவ்வளவு இல்லடா” என்று அவர் பெருமூச்சு விடும்போது, கேட்பவனுக்கு அண்ணன் பெர்லின் சுவர் இருந்த காலத்திலேயே வந்திறங்கியவரோ என்று தோன்றும்.

மதிப்பெண் கணக்கில் அண்ணன் இன்னும் கில்லாடி. ஜெர்மனியில் 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை பாஸ். நம் ஊர் சிஜிபிஏவை அதற்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. பத்துக்கு 8.2 வாங்கியவன், பாஸ் மார்க் 5 என்று போட்டால் 2.08 வரும், 4 என்று போட்டால் 1.9. இரண்டுக்குக் கீழே போகிறதா மேலே நிற்கிறதா என்பதில் ஒரு சீட்டே தொங்கும். அண்ணன் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுவிட்டு, “உன் யுனிவர்சிட்டி பாஸ் மார்க் என்னன்னு லெட்டர் வாங்கிட்டு வா” என்பார். ஆனால் அவருடைய சொந்தப் பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கு கடைசிவரை புரியவில்லை. பையன் 2.1 வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டவர், “பத்துக்கு ரெண்டா? போகும்போதே சொன்னேன், வேண்டாம்னு” என்று அண்ணனின் அப்பாவுக்கு ஆறுதல் சொல்லப் போன் போட்டார்.

அக்டோபர் பிறந்ததும் பிள்ளைகள் குக்கரும் புளியும் சாம்பார் பொடியுமாக வந்து இறங்குவார்கள். ரயில் நிலையத்துக்கே போய் நிற்பார் அண்ணன். ஊர்க்கதை எதுவும் கேட்க மாட்டார். முதல் வார்த்தையே, “வீட்டு ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டியா?”

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, இவன் இங்கேதான் குடியிருக்கிறான் என்று வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும். வங்கிக்காரர் முகவரிப் பதிவு கேட்பார். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார். நகராட்சி வீட்டைக் கேட்கும். இந்தச் சுழலில் எந்த இடத்தில் காலை வைத்தால் கரையேறலாம் என்பதுதான் அண்ணனின் தனிக்கலை. எல்லாம் முடிந்து பையன் மூச்சு விடும் நேரத்தில் ஒரு தபால் வரும். பொது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

“அண்ணா, என்கிட்ட டிவியே இல்லியே!”

“வீடு இருக்குல்ல? கட்டு.”

ஜெர்மானியர்களே கொஞ்சம் தளர்ந்து நடக்கும் இடத்தில்கூட அண்ணன் தளர மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர் ரூமில் யாரும் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் ஒரு தொட்டி, முட்டை ஓடு ஒரு தொட்டி. பாட்டில் என்றால் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, உடையும் சத்தம் ஊருக்கு இடைஞ்சல். தண்ணீர் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடித்து, காலியைக் கடை எந்திரத்தில் போட்டால் திருப்பித் தருவார்கள். பார்க்கில் ஒரு பாட்டில் உருண்டு கிடந்தால் அண்ணனின் பேச்சு பாதியில் நின்றுவிடும். சுற்றுமுற்றும் பார்ப்பார். அப்புறம் சுற்றுச்சூழல் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே குனிவார்.

வேலைக்கும் கணக்கு உண்டு. மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன்னால் 120, 240. அண்ணன் குடோனில் பெட்டி அடுக்கிய ஒவ்வொரு அரை நாளையும் எக்செல் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிட்டு வைத்திருக்கிறார். தீசிஸுக்கு அப்படி ஒரு தாள் இன்னும் திறக்கப்படவில்லை.

தேர்வு விதிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசுவார். பெரும்பாலான பாடங்களுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போச்சு. பயம் வந்தால் எந்தத் தேதிக்குள் பெயரை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் நிமிடச் சுத்தமாகச் சொல்லும்போது, இத்தனை நுணுக்கம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் ஜூனியர்களின் மரியாதை.

அண்ணனின் வாய் அடைத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அது ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில். ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். கோடையின் தொடக்கத்தில் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கூட்டம் திரளும். ஜூனியர் படையைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார் அண்ணன். வழியில் ரயில் தாமதம். 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தைத் தாமதமாகவே சேர்க்காமல். ஒரு ஜூனியர் ரயில்வேயைத் திட்டியதும் அண்ணனுக்குச் சுருக்கென்றது. “ரத்து பண்ணாம விட்டானே, அதுக்கு நன்றி சொல்லு” என்றார், சொந்தக்காரரை விட்டுக்கொடுக்காதவராக.

கோயில் வாசலில் வடைக் கடை போட்டிருந்த அம்மா அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, இஞ்ச வந்து எவ்வளவு காலம்?”

“ரெண்டு வருஷம் ஆச்சுங்க அக்கா.” இரண்டு என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது.

“நாங்கள் எண்பத்தஞ்சில வந்தனாங்கள். அப்ப கையில ஒரு பை மட்டும்தான். நீர் டொச் நல்லாக் கதைப்பீர் என்ன?”

அண்ணன் வடையைக் கடித்தார். அதற்குள் ஒரு ஜெர்மன் தாத்தா வந்து வடையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்க, அந்த அம்மா உளுந்தின் பூர்வீகம் தொடங்கி எண்ணெய்ச் சூடு வரை டொச்சிலேயே, அதாவது ஜெர்மன் மொழியிலேயே, விளக்கி, விலையும் பேசி, இரண்டு விற்றுவிட்டார். அண்ணனுக்குப் புரிந்தவை ‘நன்றி’யும் ‘மூன்று யூரோ’வும்.

குறை அவருடையது மட்டுமல்ல. பாடம் ஆங்கிலத்தில், ரூம்மேட் ஈரோட்டுக்காரர், சமையல் தமிழில். அரசாங்கக் கடிதங்களில் வரும் முழநீளச் சொற்கள் எல்லாம் அத்துப்படி. முடிவெட்டுகிறவரிடம் காதோரம் குறைக்கச் சொல்லத்தான் வராது. படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டென்று ஜூனியர்களுக்குத் தெம்பு சொல்லிக்கொண்டிருந்தவர், தானே விண்ணப்பிக்கத் தொடங்கியபோதுதான் பார்த்தார்: கம்பெனி மாற்றிக் கம்பெனி, எல்லாரும் முதல் வரியிலேயே ஜெர்மன் மொழி கேட்கிறார்கள்.

ஆகவே இப்போது வாரம் இரண்டு மாலை, உள்ளூர்க்காரர்கள் நடத்தும் மொழி வகுப்பில் கடைசி வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சிரியாக்காரர், முன்னால் இரண்டு உக்ரைன் பெண்கள். முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று ஜெர்மனில் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் தூங்கினேன் என்றார், ஒருவர் ஆற்றோரம் நடந்தேன் என்றார். அண்ணனின் முறை வந்தது. எழுந்து நின்று, பாட்டில் தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அறிவிப்பை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்: ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாள்களில் கண்ணாடி போடுவது தடைசெய்யப்பட்டுள்ளது.

ஆசிரியை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். உச்சரிப்பு பிரமாதம் என்றார். பிறகு, “சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றார்.

“மற்ற நாள்களில்,” என்று தொடர்ந்தார் அண்ணன், “காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை.”