திங்கட்கிழமையை விற்க வந்த ஆடிட்டர்கள்

உலகத்திலேயே யாருக்கும் பிடிக்காத கிழமை எது? யோசிக்கவே வேண்டாம். அந்தக் கிழமையைத்தான் 2002 ஜூனில் ஒரு பெரிய கம்பெனி தனக்குப் பெயராகத் தேர்ந்தெடுத்தது. 'மண்டே'. ஜோக் இல்லை சார், சத்தியம். பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்று, சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் பெயர் கொண்ட ஆடிட்டிங் நிறுவனத்தின் கன்சல்டிங் பிரிவு அது. தனிக்குடித்தனம் போய் ஷேர் மார்க்கெட்டில் இறங்குமுன், முகத்தைக் கொஞ்சம் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்று ஆசைப்பட்டார்கள். திங்கட்கிழமை என்றால் புதுத் தொடக்கம், எல்லோர் வாழ்க்கையிலும் இருக்கிற நாள் என்று விளக்கம் வேறு. எல்லோர் வாழ்க்கையிலும் பல்வலிகூடத்தான் இருக்கிறது.

இந்தப் பெயர் மாற்றத்துக்கு அவர்கள் போட்ட பட்ஜெட் 110 மில்லியன் டாலர். வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய் டீச் செலவைக்கூட ஒப்புக்கொள்ளாத இனம் செய்த செலவு இது!

புதுப் பெயரை அறிமுகப்படுத்த 'இன்ட்ரொட்யூசிங் மண்டே' என்று வெப்சைட்டும் திறந்தார்கள். டாட் காம் முகவரியை ஞாபகமாகப் பதிவு செய்தவர்கள், டாட் கோ டாட் யூகே முகவரியைக் கோட்டை விட்டார்கள். இங்கிலாந்தில் சில குறும்புக்காரர்கள் அதைச் சல்லிசாகத் தட்டிக்கொண்டு போய், உங்கள் பெயர் எங்களிடம் இருக்கிறது என்று ஒரு கார்ட்டூன் கழுதையைப் பாடவிட்டார்கள். 110 மில்லியன் டாலரில் ஊர் சிரித்தது அந்தக் கழுதையால்தான்.

ஆடிட்டர்களுக்கு ஏன் இந்தத் திடீர்ப் பாசம்? அதுவரை அவர்கள் அன்பாக இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கணக்கு பார்க்கிறவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால்தான் முதலாளிக்கே வியர்க்கும். 1913-ல் சிகாகோவில் சின்னதாக ஒரு கடை திறந்தாரே ஆர்தர் ஆண்டர்சன், அவர் அந்த ஜாதி. பெற்றோர் நார்வேக்காரர்கள். 'நேராக யோசி, நேராகப் பேசு' என்று அம்மா சொல்லிக்கொடுத்ததையே கம்பெனியின் கொள்கையாக்கினார். ஆரம்ப காலத்தில் ஒரு பெரிய கிளையன்ட், இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று மிரட்ட, சிகாகோ ஊர்ப் பணம் மொத்தத்தையும் கொட்டினாலும் போடமாட்டேன் என்று ஆண்டர்சன் சொன்னதாகக் கதை. பிற்காலத்தில் அந்தக் கம்பெனி ஊர் ஊராக ஆபீஸ் திறந்தபோது வாசலில் ஒரே மாதிரி கனமான ஜோடி மரக் கதவு வைத்தது. லோகோவும் அதே கதவுதான். உள்ளே வா என்கிறதா, வெளியே போ என்கிறதா என்று பார்க்கிறவர்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வம்பு அந்தக் கம்பெனி பெற்ற பிள்ளையால் வந்தது. கணக்கு பார்க்கும் அப்பாவைவிட கம்ப்யூட்டர் யோசனை சொல்லும் கன்சல்டிங் பிள்ளை அதிகம் சம்பாதிக்க ஆரம்பித்தான். 1989-ல் தனித்தனி அடுப்பு. 1997-ல் பஞ்சாயத்து. 2000 ஆகஸ்டில் கொலம்பியா நாட்டு மத்தியஸ்தர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அப்பா கேட்டிருந்தது 14 பில்லியன் டாலருக்கு மேல். அது கிடையாது, பிள்ளை தாராளமாகப் போகலாம், ஆனால் இனிஷியலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும், டிசம்பர் 31 கெடு!

'ஆண்டர்சன் கன்சல்டிங்' அலறியது. கோடி கோடியாகக் கொட்டி வளர்த்த பெயர் ஆயிற்றே! ஆயிரக்கணக்கான பெயர்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கடைசியில் ஜெயித்தது, ஆஸ்லோ ஆபீஸில் வேலை பார்த்த ஒரு டென்மார்க்காரர் எழுதிப்போட்ட 'அக்சென்ச்சர்'. அவருக்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோல்ஃப் டிரிப் பரிசு. 2001 ஜனவரி 1 முதல் புதுப் பெயர். இது என்ன, இருமல் மருந்தா என்று கேட்காதவர்கள் குறைவு.

அப்பாவுக்கு மட்டும் ஆசை இருக்காதா? அதே 2001-ல் அவரும் இளமை திரும்பக் கிளம்பினார். 'ஆர்தர்' பழைய வாசனை அடிக்கிறது, எடு. அந்தக் கதவு முறைக்கிறது, எடு. வெறும் 'ஆண்டர்சன்', பக்கத்தில் இதமாக ஒரு ஆரஞ்சு உருண்டை. இனி எல்லோரும் பயமில்லாமல் உள்ளே வரலாம்! முதலில் வந்தது போலீஸ்.

அந்த வருஷக் கடைசியில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனி கவிழ்ந்தது. அதன் கணக்குக்குச் சரி போட்டவர்கள் இந்த ஆரஞ்சு உருண்டைக்காரர்கள். விசாரணை வரப்போகிறது என்று தெரிந்ததும் ஹூஸ்டன் ஆபீஸில் காகிதம் கிழிக்கும் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. கிழித்தது டன் கணக்கில். 2002 ஜூன் 15-ல், நீதிக்கு இடையூறு செய்த குற்றம் நிரூபணம் என்று ஜூரி சொன்னது. ஆண்டர்சன் என்ற பெயரைக் கேட்டாலே கிளையன்ட்டுகள் பின் கதவு வழியாக ஓடினார்கள். பதினெட்டு மாதம் முன்பு அந்தப் பெயர் போயிற்றே என்று அழுத அக்சென்ச்சரோ, 'ஆண்டர்சனா, யாருங்க அது?' என்ற முகத்தோடு கடை நடத்திக்கொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கொலம்பியா மத்தியஸ்தருக்கு அவர்கள் வருஷா வருஷம் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பவேண்டும்.

மண்டேயும் பிழைக்கவில்லை. ஜூலை 30-ம் தேதியே, 3.5 பில்லியன் டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஐபிஎம் அறிவித்துவிட்டது. போர்டு மாட்ட ஆணி அடிக்கும் முன்பே பெயர் குப்பைக்குப் போனது. இதே கடைக்கு இரண்டு வருஷம் முன்பு ஹெச்பி கம்பெனி பேசிய விலை சுமார் 18 பில்லியன்! டெலாய்ட்டும் தன் கன்சல்டிங் பிரிவுக்கு 'பிராக்ஸ்டன்' என்று பெயர் அறிவித்து, அடுத்த வருஷமே வேண்டாம் என்று சுருட்டிவைத்தது. கேபிஎம்ஜி கன்சல்டிங் 'பேரிங்பாயின்ட்' ஆகி, 2009-ல் திவால் மனு போட்டது.

ஆண்டர்சன் மீதான தீர்ப்பை 2005-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். சந்தோஷப்படத்தான் கம்பெனியில் ஆள் இல்லை. ஒருகாலத்தில் 85,000 பேர் வேலை பார்த்த இடம். அதன் பழைய பார்ட்னர்கள் சிலர் 2002-ல் ஆரம்பித்த ஒரு வரிக் கம்பெனி, 2014-ல் அந்தப் பெயரை வாங்கித் தனக்கு வைத்துக்கொண்டது: ஆண்டர்சன் டாக்ஸ்.

உங்கள் தெரு ஆடிட்டரும் ஒருநாள் போர்டை மாற்றி, ஆபீஸுக்கு ஆரஞ்சு கலர் அடித்து, வாங்க வாங்க என்று பல் தெரியச் சிரிக்கலாம். பயப்படாதீர்கள். போன வருஷத்து ஃபைல் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.