ஃபார்முலா எழுதினால் ஒரு மார்க்

காஸ்டிங் பேப்பருக்கு முந்தின ராத்திரி நம்மூர் பி.காம். விடுதிகளில் பாராயணம் நடக்கும். "எஸ்.பி. மைனஸ் ஏ.பி., இன்ட்டு ஏ.க்யூ." என்று ஒருவன் எடுத்துக் கொடுப்பான்; "எஸ்.க்யூ. மைனஸ் ஏ.க்யூ., இன்ட்டு எஸ்.பி." என்று இன்னொருவன் முடிப்பான். விலை வித்தியாசத்துக்கு ஏன் உண்மையில் செலவான அளவு, அளவு வித்தியாசத்துக்கு ஏன் நிர்ணய விலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சரக்கை அதிக விலைக்கு வாங்கிய பர்ச்சேஸ் ஆபீசரின் பழி, பட்டறையில் நிற்பவன் தலையில் விழக்கூடாது என்பதற்காக. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் சிலபஸ் முடிய வேண்டுமே! "ஃபார்முலா எழுதினாலே ஒரு மார்க் உண்டுப்பா, விட்டுடாதீங்க" என்பதோடு வகுப்பு கலைகிறது.

கேள்வி தயாரிக்கும் பெரியவர்களின் உழைப்பையும் குறைத்துச் சொல்லக்கூடாது. போன வருடம் 10,000 யூனிட் விற்ற எக்ஸ் லிமிடெட், இந்த வருடம் 12,000 விற்கிறது. இதற்குப் பெயர் புதிய வினாத்தாள். நிலையான செலவு நகராத, விலைவாசி ஏறாத அந்தக் கம்பெனியில்தான் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பயிற்சி.

ரோவன் திட்டத்துக்கு வருவோம். 1898-இல் கிளாஸ்கோவில் கப்பல் எஞ்சின் செய்த கம்பெனி கொண்டுவந்த போனஸ் கணக்கு. மிச்சப்படுத்திய நேரத்தைக் கொடுத்த நேரத்தால் வகுத்து, எடுத்த நேரத்தாலும் கூலியாலும் பெருக்க வேண்டும். நம் பையன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். ஒரு வேலைக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 100 ரூபாய் கூலி என்று வையுங்கள். ஐந்து மணியில் முடித்தவனுக்கு போனஸ் 250. உயிரைக் கொடுத்து இரண்டே மணியில் முடித்தவனுக்கு 160! மிச்சம் பிடித்த நேரத்தில் பாதிக்குக் கூலி கொடுக்கும் ஹால்சி திட்டமாக இருந்தால் அவனுக்கு 400 கிடைத்திருக்கும். பாதிக்கு மேல் நேரத்தை மிச்சம் பிடித்தால் போனஸ் இறங்கும். என்ன பாடுபட்டாலும் மணிக்கூலி இரட்டிப்பைத் தொடாது. நேரம் குறிப்பதில் நிர்வாகம் கோட்டை விட்டாலும் முதலாளிக்கு அடி விழாத ஏற்பாடு. ‘இத்திட்டம் தொழிலாளிக்குப் புரிவது கடினம்’ என்று குறைகளின் வரிசையில் புத்தகமே எழுதுகிறது. சத்தியமான வார்த்தை. அந்தத் தொழிலாளியின் மகனை பி.காம். சேர்த்து, பீஸ் வாங்கிக்கொண்டு, அவனுக்கும் புரியாமல் பார்த்துக்கொள்கிறோமே, நாம் சாமானியர்களா!

வேலையை விட்டுப் போனவர்களைச் சராசரி ஆட்களால் வகுத்து நூறால் பெருக்கவும் அவனுக்குத் தெரியும். விடை 12 சதவீதம். அடியில் இரட்டைக் கோடு. ஏன் போனார்கள் என்பது தியரி. தியரியை சாய்ஸில் விட்டாயிற்று.

சும்மா ஒரு தடவை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ரோவன் திட்டத்தில் இரண்டு மணியில் முடித்தவனுக்கு ஏன் குறைவு? ஐந்து மதிப்பெண்.’ அவுட் ஆஃப் சிலபஸ் என்று மாணவர்கள் வாசலில் உட்காருவார்கள். கல்லூரிகள் மனுக் கொடுக்கும். தேர்வுத் துறை கமிட்டி போட்டு, கேள்வி எண்ணை எழுதியிருந்தாலே முழு மதிப்பெண் என்று சுற்றறிக்கை விடும். கேள்வி கேட்டவரை மறு வருடம் வினாத்தாள் பக்கமே விடமாட்டார்கள்.