இரு மலைநகர விசாரம்: பள்ளிவாசல் பக்ஷம்

உலகத்தில் தீராத வழக்குகள் அநேகம் உண்டு. அவற்றுள் எந்த நீதிமன்றத்திலும் ஏறாத காரணத்தினாலேயே இன்றுவரை தீராமல் நிற்பது, தேயிலைச் சீமையைப் பார்க்கப் புறப்படுகிற ஒரு குடும்பம் மூணாற்றுக்குப் போவதா, வால்பாறைக்குப் போவதா என்னும் வழக்கு. சைவ வைணவத் தர்க்கங்களுக்கும், இலக்கணச் சூத்திரங்களுக்கும் உரைமேல் உரை எழுதிக் குவித்த நம் பண்டிதர்கள் இவ்விஷயத்தைத் தீண்டாமலே விட்டது வியப்புக்குரியது. அக்குறையைப் போக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இதில் பள்ளிவாசல்வாசிகளுக்கு விசேஷ யோக்கியதை உண்டென்பது என் துணிபு. மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில் சிறிது கீழே இருக்கிற இவ்வூரார், மூணாற்றின் பெருமையையும் அதன் வாகன நெரிசலையும் ஒருங்கே அனுபவிக்கிறவர்கள். மேலும், "மூணாற்றில் தங்கி வந்தோம்" என்று ஊருக்குத் திரும்பிப் பெருமை பேசுகிறவர்களில் பலர் உண்மையில் உறங்கி எழுந்தது பள்ளிவாசல் பஞ்சாயத்து எல்லைக்குள் இருக்கும் விடுதிகளில்தான் என்பதும், அந்த ரகசியத்தை நாங்கள் ஒருபோதும் வெளியிட்டதில்லை என்பதும், எங்கள் நடுநிலைமைக்குத் தக்க சான்றுகள்.

முதலில் பூகோளம். இரண்டும் ஆனைமலைத் தொடரைச் சேர்ந்த ஊர்கள். பறவைக்கு அண்டை வீடுகள். ஆனால் மனிதன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால், இடையில் 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் சுற்றிக்கொண்டு, மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, பொள்ளாச்சி போய், ஆளியாற்றிலிருந்து மறுபடியும் மலையேறியாக வேண்டும். இதனால் ஆராய்ச்சி முறையிலேயே ஒரு பெரிய தோஷம் புகுந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தவனுக்கு அடுத்து ஏறுகிற மலை எதுவாயினும் அதுவே கைலாசம். ஆகவே இரண்டையும் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டாவதாகப் பார்த்த ஊரையே சிரேஷ்டமென்று சாதிக்கிறார்கள். அவர்களுடைய சாட்சியத்தை நான் முழுவதும் தள்ளிவிட்டேன். ஒன்றை மட்டும் பார்த்தவர்களின் சாட்சியமோ ஒப்பீட்டுக்கு உதவாது. எஞ்சியிருப்பவர்கள் இரண்டையும் பார்க்காதவர்கள். இவர்களிடம்தான் திடமான அபிப்பிராயங்கள் காணப்படுகின்றன.

அடுத்து, மார்க்க விசாரம். ஆளியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மூணாற்றுப் பாதைகளிலும் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பிரயாணி அவற்றை எண்ணிப் பார்க்கும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, ஜன்னலோரத்தில் தலைசாய்த்து, பிளாஸ்டிக் பையைக் கையிலேயே ஆயத்தமாக வைத்திருக்கிற ஒரு சிறுவனுக்குப் பதினேழாம் வளைவில், இன்னும் இருபத்துமூன்று பாக்கி என்று அறிவிப்பது கருணையா, கொடுமையா என்பதில் அறிஞர்கள் மாறுபடலாம். கணக்கில் பிள்ளைகளுக்கு ஊக்கம் பிறக்கிறது என்று வால்பாறைக் கட்சியார் வாதிப்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வரையாட்டு விஷயம் இதைவிடச் சிக்கலானது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு, உலகத்திலேயே மிகுதியாகக் கூடி வாழ்வது கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில். அங்கே ராஜமலைக்குச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, வனத்துறை வண்டியிலேறிப் போய்த் தரிசிக்க வேண்டும். அதுவும் குட்டி போடும் பருவமென்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடை சாத்திவிடுவது வழக்கம். வால்பாறைப் பாதையிலோ, ஒன்பதாம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சி முனையருகே அதே ஆடு, கட்டணமின்றி, சாலையோரச் சுவரின்மேல் நின்று, போகிற பஸ்களைப் பார்வையிடுகிறது. சிக்கனக்காரர்கள் வால்பாறையைக் கைகாட்டுவார்கள். ஆனால் காசு கொடுக்காமல் கண்ட தெய்வத்தினிடத்தில் நம்மவர்களுக்குப் பக்தி குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய தேநீர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குமென்பது பௌதிக சாஸ்திரம். 1,500 மீட்டர் அளவில் இருக்கிற மூணாற்றில் நீர் சுமார் 95 டிகிரியிலும், 1,000 மீட்டருக்குச் சற்று மேலிருக்கிற வால்பாறையில் 96 டிகிரியைத் தாண்டியும் கொதிக்கும். எனவே சூடான தேநீரை நாடுகிறவன் வால்பாறைக்கே போகவேண்டும் என்ற முடிவு தப்பமுடியாததாகத் தோன்றிற்று. இதைப் பரீட்சிக்கும்பொருட்டுப் பள்ளிவாசல் டீக்கடையொன்றில் நின்று கவனித்தேன். மாஸ்டர் துணி வடிகட்டியைத் தூக்கிப் பிழிந்து, கறுத்த டிகாக்ஷன்மேல் ஏடு மிதக்கும் பாலை ஊற்றி, வலக்கைக் குவளையைத் தலைக்குமேல் உயர்த்தி, இடக்கை கிளாஸை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, வெண்ணுரை பொங்க மூன்று முறை ஆற்றி நீட்டினார். என் அரும்பாடுபட்ட ஒன்றரை டிகிரி அந்த முதல் ஆற்றலிலேயே காற்றோடு போயிற்று. அன்றியும், கண்முன்னே மலை முழுவதும் கொழுந்து தளிர்த்து நிற்க, நாலேகால் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வாடி அரைபட்டு ஒரு கிலோத் தூளாகிற தொழிற்சாலை கூப்பிடு தூரத்தில் இருக்க, கடையில் கொதிப்பது இரண்டு ஊர்களிலும் டஸ்ட் தேயிலைதான். இவ்வகையில் இரு கட்சியும் சமம்.

மூணாற்றுக் கட்சியார் இன்னும் இரண்டு பெருமைகள் சொல்வார்கள். ஒன்று, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். கொல்லம் ஆண்டு 1099 ஆகிய 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. மற்றொன்று, பன்னிரண்டாண்டுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி. 2018இல் பூத்தது, இனி 2030இல். இல்லாத ரயிலையும் பூக்காத பூவையும் காட்டி ஆட்களை வரவழைக்கும் சாமர்த்தியம் வால்பாறைக்கு இன்னும் கைவரவில்லை. புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் என்னவோ கண்முன்னே வந்து, சமையலறைக் கதவையும் திறந்துகொள்கின்றன.

மழையை யாரும் பிரமாணமாக எடுத்துக்கொள்ளாதது பெருங்குறை. ஒரு மலையூரின் தராதரத்தை, அது கீழே அனுப்பும் தண்ணீரைக் கொண்டன்றோ மதிப்பிடவேண்டும்? வால்பாறையில் பெய்யும் மழை, 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி, சோலையாறு, பரம்பிக்குளம் என்று அணை அணையாகக் கைமாறிப் பொள்ளாச்சித் தென்னைக்கும் போகிறது. அவ்வொப்பந்தம் மணக்கடவில் விடச்சொல்லும் 7.25 டி.எம்.சி. பாலக்காட்டுச் சித்தூர் வயல்களுக்கு வந்து சேருகிறது. மூணாற்று மழையோ சுரங்கத்தில் புகுந்து, மலைச்சரிவில் ராட்சசக் குழாய்கள் வழியாகத் தலைகுப்புற விழுந்து, பள்ளிவாசலில் மின்சாரமாகிறது. 1940இல் தொடங்கிய இந்த நிலையந்தான் திருவாங்கூர் அரசின் முதல் நீர்மின் நிலையம். ஆலுவாய் அலுமினியத் தொழிற்சாலை ஓடியதும் இதன் தயவினால். ஆகவே சோறு வேண்டுமென்பவன் வால்பாறைக்கும், வெளிச்சம் வேண்டுமென்பவன் மூணாற்றுக்கும் கடன்பட்டவன். மழை பெய்யும்போது நேரில் போனால் இரண்டிலும் கிடைப்பது அட்டைக்கடி.

இத்தனை பிரமாணங்களையும் என் நண்பரிடம் விரித்துரைத்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து இப்போது பள்ளிவாசலில் கடை வைத்திருக்கும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, சொந்தக்காரங்க வீடு எங்க இருக்கோ அங்கதானே போக முடியும்? லாட்ஜுக்கு யாரு குடுக்கிறது?" என்றார். ஆராய்ச்சியின் முழுப் பாரத்தையும் ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டு, வால்பாறை எஸ்டேட்டிலிருக்கும் மைத்துனருக்கு அப்போதே போன் செய்தார்.

"மாப்ள, லீவுக்கு நாங்க எல்லாரும் அங்க வரலாம்னு இருக்கோம்."

"அய்யோ மச்சான், இங்க என்ன இருக்கு, எங்க பாத்தாலும் தேயிலை! நாங்க துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு வர்றோம், மூணாறு சுத்திக் காட்டுங்க."

எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். மறுநாட் காலையில், ஒன்பதாம் வளைவில் பிறந்தது முதல் பார்த்துச் சலித்த வரையாட்டை ராஜமலையில் பார்த்தே தீரவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். நண்பர் கடையைப் பூட்டிவிட்டுப் போய் வரிசையில் நின்றார்.