மந்திர் மார்க் அளவையார்

தில்லி மந்திர் மார்க்கில் காலை நேரத்தில் நடப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். 1939-இல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திருக்குப் பாதிப் பேர். பக்கத்துக் காளி பாரிக்குக் கொஞ்சம் பேர். மீதிப் பேர் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒருவர் மட்டும் எந்த வாசலிலும் நுழையமாட்டார். குரங்குக் குல்லாய் போட்டிருப்பார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு சிறு கருவி எட்டிப் பார்க்கும். வானத்தைப் பார்ப்பார், கைபேசியைப் பார்ப்பார், நின்று எதையோ தட்டுவார். இவர்தான் அளவையார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து மத்திய அரசில் அசிஸ்டென்டாக வந்து சேர்ந்து, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். இப்போது கோல் மார்க்கெட் பக்கம் மகளுடைய அரசுக் குடியிருப்பில் வாசம். பணிக்காலம் முழுக்க அவர் செய்த வேலை, அடுத்தவர் அனுப்பிய கோப்பில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவது. ஓய்வு பெற்ற மறுநாள் திருப்பி அனுப்பக் கோப்பு இல்லை. வீட்டு மளிகைச் சீட்டில் கேள்வி எழுதிப் பார்த்தார், அது எடுபடவில்லை. கடைசியில் இயற்கையையே கோப்பாக எடுத்துக்கொண்டார். இந்த வகையறாவுக்குக் 'குடிமக்கள் அறிவியலாளர்' என்று கௌரவமான பெயர் உண்டு. சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது என்பதால் இரண்டாவது உத்தியோகமாக அவருக்கு நன்றாகவே பொருந்திவிட்டது.

அவர் அதிர்ஷ்டம், தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் தானியங்கிக் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று மந்திர் மார்க்கிலேயே இருக்கிறது. நகரத்தில் மற்றவர்கள் தங்கள் காற்றைப் பற்றி அறிய எங்கோ இருக்கும் நிலையத்தை நம்பவேண்டும். இவருக்கு அது தெருக்காரர். காலைக் காபிக்கு முன்னால் அவருடைய அட்டவணையில் நிலையத்தின் அளவு ஒரு கட்டத்தில், பால்கனியில் தன் கருவி காட்டும் அளவு அடுத்த கட்டத்தில். அதற்குப் பிறகுதான் பல் விளக்குவார் என்று மகள் சொல்கிறாள்.

நவம்பர் வந்துவிட்டால் அவருக்கு மவுசு கூடிவிடும். நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் அவரை மறித்துக் கேட்பார்கள்.

"என்ன சார், இன்னைக்கு எவ்வளவு?"

"எதைக் கேக்கறீங்க? பி.எம். ரெண்டரையா, தரக் குறியீடா? இந்த நிமிஷத்து அளவா, இருபத்துநாலு மணி நேர சராசரியா?"

"நடக்கப் போகலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க சார்."

"அந்த முடிவு எடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. தகவலை மட்டும் சமர்ப்பிக்கலாம்."

தகவல் மட்டும் ஒரு மைல் நீளும். 2015-இல் வந்த தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் எட்டு மாசுகள் கணக்கில் வருகின்றன. குறைந்தது மூன்றுக்காவது அளவு இருக்கவேண்டும், அதில் ஒன்று நுண்துகளாக இருக்கவேண்டும். எட்டையும் கூட்டி வகுப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. வீட்டில் எட்டுப் பிள்ளைகள் பரீட்சை எழுதினால், மோசமாக எழுதினவனின் மார்க்தான் வீட்டுக்கே மார்க். தில்லியில் குளிர்காலம் பூராவும் அந்தப் பிள்ளை பெரும்பாலும் பி.எம். 2.5 என்னும் நுண்துகள்தான். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. "ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 45-ஐ நம்ம நுரையீரல் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று அளவையார் முடிக்கும்போது, கேட்டவர் நடையை முடித்து வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

பனிமூட்டமான காலையில் அவர் கருவி நிலையத்தைவிட அதிகம் காட்டும். நடைக் கூட்டாளிகளுக்கு அன்று திருவிழா. "பாத்தீங்களா, அரசாங்கம் மறைக்குது!" என்று ஒருவர் குதிப்பார். வாட்ஸ்ஆப்பில் போடப் படம் கேட்பார். அளவையார் தரமாட்டார். விலை குறைந்த கருவிகள் துகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, ஒளி சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுபவை. காற்றில் ஈரம் ஏறினால் துகள் தண்ணீர் குடித்து உப்பும்; கருவி உப்பின உருவத்துக்குக் கணக்கு எழுதிவிடும். ஆகவே அவருடைய அட்டவணையில் 'ஈரப்பதம்' என்று தனிக் கட்டம் உண்டு. "ஆதாரம் இல்லாம அரசாங்கத்தைத் திட்டுறதுக்கு வேற ஆளைப் பாருங்க. ஆதாரத்தோட திட்டணும்னா என்கிட்ட வாங்க" என்பார். இதனால் அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள், தாங்குகிறவர்கள் இரண்டு தரப்புக்கும் அவரைப் பிடிக்காது.

ஒரு ஜனவரி இரவு, குடியிருப்பு வாசலில் சௌக்கிதார் சருகும் அட்டைப் பெட்டியும் போட்டுத் தீ மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அளவையார் கருவியோடு இறங்கினார். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே சொல்லியாயிற்று என்பதைத் தன்னுடைய செக்‌ஷன் ஆபீசர் இந்தியில் விளக்கினார். சௌக்கிதார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்ஜி, அந்தப் பெட்டி குளிர் எவ்வளவுன்னும் காட்டுமா?" என்று கேட்டார். காட்டும். ஆறு டிகிரி என்று காட்டியது.

புகார் செய்யக் 'கிரீன் டெல்லி' செயலியைத் திறந்த விரல் அப்படியே நின்றது. மேலே வந்து விதியைப் படித்தார். காற்று மோசமானால் படிப்படியாக அமலாகும் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே, காவலாளிகள் தீ மூட்டாமல் இருக்கக் குடியிருப்போர் சங்கம் மின் ஹீட்டர் தரவேண்டும் என்று இருந்தது. அன்றிரவே சங்கச் செயலாளருக்குக் கடிதம் போனது. பொருள், பார்வை, இணைப்பு, நகல் எல்லாம் உண்டு. மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு ஹீட்டர் வந்தபோது ஹோலிக்கு இரண்டு நாள்தான் பாக்கி. ஆனால் அடுத்த குளிர்காலம் முழுக்க வாசலில் தீ எரியவில்லை. அளவையார் தினமும் அதையும் குறித்தார்: 'தீ: இல்லை.'

பிப்ரவரி நடுவில் காற்றுக் கோப்பு கொஞ்சம் ஓரம்போய்ப் பறவைக் கோப்பு மேலே வரும். உலகம் பூராவும் நான்கு நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு அது. இந்தியா 2013-இல் சேர்ந்துகொண்டது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்டதையெல்லாம் எழுதி, 'ஈபேர்ட்' தளத்தில் ஏற்றவேண்டும். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கும் கணக்கெடுப்பும் இந்தக் குடும்பம்தான். கூட வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புலி அளவுக்கு ஒரு பறவையைப் பார்த்துவிட ஆசை. அளவையாரோ காக்கையை எண்ணச் சொல்வார்.

"காக்காய எதுக்கு அங்கிள் எழுதணும்? எல்லா இடத்துலயும்தான் இருக்கே."

"சிட்டுக்குருவியையும் அப்படித்தான் சொன்னோம். எல்லா இடத்துலயும் இருந்தப்ப யாரும் எண்ணலை. குறைஞ்சுபோச்சுன்னு அழுதப்ப, எவ்வளவு இருந்துதுன்னு சொல்ல ஆள் இல்லை. 2012-ல தில்லியோட மாநிலப் பறவையாக்கிப் பதவி உயர்வு கொடுத்தாங்க. பதவி உயர்வு குடுக்குமுன்னாடி சர்வீஸ் புக் பார்க்கவேண்டாமா?"

அவர் கர்வம் ஒரே ஒருமுறை அடிவாங்கியது. மந்திர் மார்க்குக்குப் பின்னாலிருக்கும் ரிட்ஜ் காட்டின் ஓரத்தில் ஓர் இருவாச்சியைப் பார்த்தார். குற்றாலத்து ஞாபகம் பொங்கிவர, 'மலபார் சாம்பல் இருவாச்சி' என்று பதிந்துவிட்டார். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. சம்பளமில்லாமல் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார்: இந்தப் பறவை மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வருவதில்லை, நீங்கள் பார்த்ததற்கு அலகின்மேல் கொம்பு இருந்ததா?

வாழ்நாளெல்லாம் அடுத்தவரைக் கேள்வி கேட்டவருக்கு வந்த முதல் கேள்வி. முதலில் கொதித்தார். "தென்காசிக்காரன் நான் தில்லிக்கு வேலைக்கு வரலையா? அதுவும் வந்திருக்கலாம்" என்று பதில் தயாரித்தார். அனுப்பவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய்க் காத்திருந்து பார்த்தார். கொம்பு இருந்தது. தில்லித் தெருக்களில் சகஜமாகத் திரியும் இந்தியச் சாம்பல் இருவாச்சி. பதிவைத் திருத்தினார். திருத்திவிட்டு, கேட்டவருக்கு நன்றி எழுதினார். "கேள்வி சரியா எழுதப்பட்டிருந்தது" என்று மகளிடம் சொன்னபோது குரலில் ஒரு பொறாமை இருந்ததாகக் கேள்வி.

சிரித்தாலும் இந்த வகையறா இல்லாமல் காரியம் நடப்பதில்லை. 1900-இல் வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுடுவதற்குப் பதிலாக எண்ணலாம் என்று 27 பேர் தொடங்கிய கணக்கு இன்றுவரை நடக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வந்த அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, ஏறக்குறைய 30,000 பேர் ஏற்றிய 3 கோடிப் பதிவுகள். அந்த 3 கோடியில் பெரும்பங்கு அபூர்வப் பறவை அல்ல. காக்கை, மைனா, மாடப்புறா. ஆர்வத்தோடு வருகிறவர்கள் இரண்டாவது வாரம் தூங்கப் போய்விடுவார்கள். 'தீ: இல்லை' என்று தினமும் எழுதப் பழகியவர்தான் கடைசிவரை நிற்பார். தில்லித் தமிழ்க் குமாஸ்தாவின் மூன்று தலைமுறைப் பயிற்சி வீண்போகவில்லை.

இந்த வருடக் கணக்கெடுப்பின் கடைசி நாள், அளவையார் சோர்ந்துபோய் வீடு திரும்பினார். குக்குறுவான் கண்ணில் படவே இல்லை.

"சமையலறை ஜன்னல் எதிர்ல அரச மரத்துல ரெண்டு இருந்துதே" என்றாள் மனைவி.

"எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் பார்த்தே?"

"பால் பொங்கற வரைக்கும்."

அளவையார் யோசித்தார். பறவை பார்ப்பதற்காகவே நின்று பார்க்காததெல்லாம் தளத்தில் 'தற்செயல்' என்ற பிரிவில்தான் போகும். அப்படியே பதிந்துவிட்டு விளக்கமும் சொன்னார்.

"அப்படியா? அப்ப உங்களைக் கட்டிக்கிட்டதையும் அந்தக் கட்டத்துலயே எழுதிடுங்க."

அளவையார் ஆட்சேபம் எழுப்பவில்லை.